எல்லைக்கு அப்பாலிருந்து வரும் காகிதம்

ஓசூர் பேருந்து நிலையத்தில் விடிவதற்கு முன்பே ஒரு சந்தை கூடிக் கலைந்துவிடுகிறது. நாலு, நாலரை மணிக்கெல்லாம் வேன்களிலிருந்து பத்திரிகைக் கட்டுகள் இறங்குகின்றன. தமிழ்க் கட்டு ஒரு பக்கம். பெங்களூரிலிருந்து ஜூஜூவாடி தாண்டி வரும் கன்னட, ஆங்கிலக் கட்டுகள் இன்னொரு பக்கம். கூடவே கொஞ்சம் தெலுங்கு. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மெயின் தாளுக்குள் இணைப்பைச் செருகுகிறார்கள். முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் தாள் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இந்த வேலையில் பழகிய கைக்குப் பக்கத்தை எண்ணத் தேவையில்லை. கட்டைத் தூக்கும்போதே இன்றைக்குத் தாள் கனமா, மெலிசா என்று தெரிந்துவிடும்.

2022ஆம் ஆண்டுக் கோடையில் கட்டுகள் மெலிந்தன. நாடு முழுக்கப் பல பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன, சில விலையை ஏற்றின. அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியிருந்தது. முதல் பக்கத்தில் போர்ச் செய்தி இருந்தது. அந்தச் செய்தி அச்சான காகிதமும் அதே போரில் மாட்டிக்கொண்டிருந்தது. எங்கோ ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கும் போருக்கும் ஓசூர் டீக்கடைப் பேப்பருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், பதிலைக் காகிதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

செய்தித்தாள் அச்சாகும் காகிதத்துக்கு நியூஸ்பிரின்ட் என்று பெயர். நோட்டுப் புத்தகக் காகிதம் வேறு, இது வேறு. மரத்தை ரசாயனத்தில் வேகவைத்து நாரைப் பிரித்தெடுப்பது நோட்டுக் காகிதத்தின் வழி. நியூஸ்பிரின்டுக்கு மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்குகிறார்கள். மரம் வீணாகாது, விலையும் மலிவு. ஆனால் மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் கூழிலேயே தங்கிவிடுகிறது. வெயிலும் காற்றும் பட்டால் காகிதம் பழுப்பேறுவதற்கு அதுதான் காரணம். எங்கள் வீட்டுப் பரணில் கல்கி இதழிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதைகள் சில இருக்கின்றன. தையல் இன்றும் உறுதியாக இருக்கிறது. பக்கத்தைப் புரட்டினால் ஓரம் அப்பளம்போல் உடைந்து மடியில் விழுகிறது. அத்தனையும் லிக்னினின் வேலை.

இந்தக் காகிதத்துக்கு ஏற்றவை குளிர்நாட்டு ஊசியிலை மரங்கள். அவற்றின் நார் நீளமானது. அச்சு இயந்திரத்தின் வேகத்தில் இழுபட்டாலும் ரீல் அறுந்துபோகாது. நம்மிடம் அந்தக் காடுகள் இல்லை. அதனால் இந்தியப் பத்திரிகைகள் நெடுங்காலமாகவே கனடாவையும் பின்லாந்தையும் ரஷ்யாவையும் நம்பி இருந்தன. போருக்கு முந்தைய ஆண்டுகளில் ரஷ்யாதான் பெரிய கொள்முதல் இடம். கரேலியாவின் கொண்டபோகா, வோல்கா ஆற்றங்கரையின் பலாக்னா, யூரல் மலைப் பக்கத்துச் சோலிகாம்ஸ்க் ஆகிய ஊர்களின் ஆலைகளிலிருந்து ரீல்கள் கப்பலேறின. போர் தொடங்கிய சில நாட்களிலேயே பெரிய கப்பல் நிறுவனங்கள் ரஷ்யத் துறைமுகங்களுக்குச் சரக்குப் பதிவை நிறுத்தின. வங்கிவழிப் பணம் அனுப்புவதும் சிக்கலானது. அதே நேரம் பின்லாந்தில் யூ.பி.எம். ஆலைகளின் தொழிலாளர்கள் 2022 ஜனவரி 1 முதல் 112 நாட்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு கன்டெய்னர் வாடகையும் ஏறியிருந்தது. நாலு பக்கமும் கதவு ஒரே நேரத்தில் சாத்தியதுபோல் ஆயிற்று. 2020இல் இருந்த விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் நியூஸ்பிரின்ட் ஏறியது.

இது ஒரு பிரதியில் எப்படி விடிகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளிதழின் விரித்த தாள் ஒன்றில் நாலு பக்கம்; எடை ஏறத்தாழ 16 கிராம். பன்னிரண்டு பக்கத் தாள் 48 கிராம். அச்சகத்துக் கழிவு போக ஒரு டன் காகிதத்தில் சுமார் 20,000 பிரதிகள் தேறும். டன்னுக்கு 100 டாலர் ஏறினால், அன்றைய டாலர் மதிப்பில் பிரதிக்கு 38 பைசா கூடும். 500 டாலர் ஏறினால் 1 ரூபாய் 90 காசு. அன்று ஐந்து, ஆறு ரூபாய்க்கு விற்ற தாளில், ஏஜென்டுக்கும் வீட்டுக்கு வீடு போடுகிறவருக்கும் கமிஷன் போக, இதை எங்கிருந்து எடுப்பது? விளம்பரத்திலிருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு பக்கத்தை வெட்ட வேண்டும். பெரிய நிறுவனங்கள் மாதக்கணக்கில் சரக்கு வாங்கி வைத்துத் தாக்குப்பிடித்தன. கிடங்கு இல்லாத சிறிய பத்திரிகைக்கு அந்த வழி இல்லை.

இலங்கையில் இது இன்னும் கொடுமையாகவே நடந்தது. 2022 மார்ச்சில் டாலர் தட்டுப்பாட்டில் காகிதம் வாங்க முடியாமல் 'தி ஐலண்ட்', 'திவயின' நாளிதழ்கள் தங்கள் சனிக்கிழமைப் பதிப்பின் அச்சை நிறுத்தின. மேல் மாகாணத்தில் காகிதம் இல்லாததால் பள்ளித் தேர்வுகளையே தள்ளிவைத்தார்கள்.

நாமே செய்துகொள்ளக் கூடாதா என்ற கேள்வி சுதந்திரம் பெற்ற காலத்திலேயே எழுந்ததுதான். மத்தியப் பிரதேசத்து நேபாநகரில் 1950களில் ஆலை வந்தது. கர்நாடகத்தில் பத்ராவதி, கேரளத்தில் வெள்ளூர் என்று வரிசையாக வந்தன. தமிழ்நாடு எடுத்த வழி எல்லாவற்றிலும் துணிச்சலானது. 1979இல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூருக்கு அருகே காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து நியூஸ்பிரின்ட் எடுத்தது. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. எரிக்க வேறு எரிபொருள் தருகிறோம், சக்கையைக் கொடுங்கள் என்று ஆலைகளோடு ஒப்பந்தம் போட்டார்கள். காட்டைப் பெரிதும் நம்பாமலே பத்திரிகைக் காகிதம் செய்ய முடியும் என்று காட்டிய ஆலை அது. ஆனால் வெளிநாட்டுக் காகிதம் மலிந்த காலத்தில் நியூஸ்பிரின்ட் கட்டுப்படியாகவில்லை. நிறுவனம் எழுதவும் அச்சிடவும் உதவும் காகிதத்தின் பக்கம் நகர்ந்தது. பத்ராவதி நின்றுபோனது. வெள்ளூர் ஆலை 2019இல் மூடப்பட்டு, கேரள அரசு கையிலெடுத்த பிறகு 2022இல் மறுபடி ஓடத் தொடங்கியது. மிச்சமிருக்கும் உள்நாட்டு ஆலைகளில் பல, பழைய பேப்பரைக் கூழாக்கித்தான் காகிதம் செய்கின்றன. ஓசூரில் பழைய பேப்பர் கடைக்காரர் கிலோ விலையை ஏற்றினால் உலகச் சந்தையில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

காகிதம் கருத்துரிமையோடு பின்னியது என்று நம் உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. பத்துப் பக்கத்துக்கு மேல் அச்சிடக் கூடாது என்ற காகித ஒதுக்கீட்டுக் கொள்கையை 1972இல் பென்னட் கோல்மன் வழக்கில் அது செல்லாது என்றது. பக்கத்தை வெட்டினால் பேச்சை வெட்டியதாகும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அரசு வெட்டினால் வழக்குப் போடலாம். சந்தை வெட்டினால் யார்மீது போடுவது?

ரஷ்யா படையெடுத்த உக்ரைனின் பத்திரிகைக் கதையே எல்லைகளால் ஆனது. 1876இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர், ஜெர்மனியின் எம்ஸ் நகரில் ஓய்வில் இருந்தபோது ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். உக்ரைன் மொழியில் புத்தகம் அச்சிடுவதும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதும் தடையாயிற்று. அப்போது லிவிவ் நகரம் ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. முதல் உக்ரைன் மொழி வாரப் பத்திரிகை 'ஸோரியா ஹாலித்ஸ்கா' 1848இலேயே அங்கிருந்துதான் வந்தது. கீவில் எழுதியவர்கள் கையெழுத்துப் படியை எல்லை தாண்டி லிவிவுக்கு அனுப்பினார்கள். அச்சான இதழ்கள் மறைவாகத் திரும்பி வந்தன. ரஷ்ய ஆளுகைக்குள் உக்ரைன் மொழிச் செய்தித்தாள் தலைகாட்ட 1905வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழருக்கு இது புரியாத கதை இல்லை. கைது பயத்தால் சென்னையில் நடத்த முடியாத 'இந்தியா' வாரப் பத்திரிகையை, பாரதியும் நண்பர்களும் 1908இல் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பிரிட்டிஷ் எல்லைக்குள் இதழ் வருவதைத் தடுத்தபின், 1910இல் அது நின்றது. ஆசிரியரைப் பிடிக்க முடியாதபோது பிரதியைப் பிடித்தார்கள். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த 1878இல்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளை மட்டும் குறிவைத்த லிட்டன் பிரபுவின் அச்சுச் சட்டமும் வந்தது. ஆங்கிலப் பத்திரிகைக்கு ஒரு நீதி, தாய்மொழிப் பத்திரிகைக்கு வேறு நீதி. எம்ஸ் ஆணைக்கும் இதற்கும் இரண்டே வருட இடைவெளி. அந்தத் தொரப்பள்ளிக்காரர் 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காக 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தினார். உடன் உழைத்தவர் எழுத்தாளர் கல்கி. அன்று ஓசூரும் திருச்செங்கோடும் ஒரே சேலம் மாவட்டம்.

இப்போதைய போருக்கு வருவோம். ரஷ்ய எல்லையிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது கார்கிவ். ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் தூரம்தான். அது அச்சுக்குப் பேர்போன ஊர். உலக இலக்கியத்தை உக்ரைன் மொழிக்குக் கொண்டுவந்த 'வ்செஸ்வித்' இதழ் 1925இல் அங்கே தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான எழுத்தாளர் மிகோலா ஹ்விலியோவி, தன் தலைமுறை எழுத்தாளர்கள் மீது ஸ்டாலின் அரசின் அடக்குமுறை இறங்கிய 1933இல் அதே ஊரில் தற்கொலை செய்துகொண்டார். நாட்டின் மிகப் பெரிய அச்சகங்களில் ஒன்றான 'ஃபாக்டர் துருக்'கும் அங்கேதான். 2024 மே 23 அன்று ரஷ்ய ஏவுகணைகள் அந்த அச்சகத்தின் மீது விழுந்தன. வேலையில் இருந்தவர்களில் ஏழு பேர் இறந்தார்கள். சுமார் 50,000 புத்தகங்கள் எரிந்தன. கருகிய தாள்கள் தரையில் சாம்பல் அடுக்காகக் கிடக்கும் படங்களைப் பார்த்தபோது எனக்கு 1981இன் யாழ்ப்பாணம்தான் நினைவுக்கு வந்தது. நூலகம் எரிந்த அந்த நாட்களில் 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது.

போர்முனைக் கிராமங்களில் மின்சாரம் போனால் தொலைக்காட்சி இல்லை, செல்போன் கோபுரம் விழுந்தால் இணையமும் இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் உள்ளூர்ச் செய்தித்தாள் மறுபடி உயிர்பெற்றது. எந்தச் சாலை திறந்திருக்கிறது, ரொட்டி எங்கே கிடைக்கும், ஓய்வூதியம் எப்போது வரும் என்ற விவரங்களை அச்சடித்துத் தன்னார்வலர்களும் அஞ்சல் ஊழியர்களும் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். யாழ்ப்பாணத்தின் 'உதயன்' இதே நிலையில் வாழ்ந்த பத்திரிகை. 2006 மே 2 அன்று அதன் அலுவலகத்துக்குள் துப்பாக்கிதாரிகள் புகுந்து இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். அந்த ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 சாலை மூடப்பட்டபின் காகிதமும் மையும் வருவது தடைபட்டது. பக்கத்தைச் சுருக்கிக்கொண்டு இதழைக் கொண்டுவந்தார்கள். நாலு பக்கமானாலும் மறுநாள் காலை தாள் வருவதே அந்த ஊருக்குச் செய்தியாக இருந்தது.

உக்ரைனில் மொழியும் காகிதத்தோடு சேர்ந்தே வருகிறது. 2019இன் மொழிச் சட்டப்படி, 2022 ஜனவரி 16 முதல் நாடு தழுவிய அச்சிதழ் எதுவும் வேறு மொழியில் வந்தால் உக்ரைன் மொழியிலும் வர வேண்டும். ஆங்கிலம், ஐரோப்பிய ஒன்றிய மொழிகள், கிரிமியத் தாத்தார் மொழி ஆகியவற்றுக்கு விலக்கு. ரஷ்ய மொழிக்கு இல்லை. விற்பனைக் கடையில் பாதித் தலைப்புகளாவது உக்ரைன் மொழியில் இருக்க வேண்டும். நூற்றாண்டுகளாக நசுக்கப்பட்ட மொழிக்கு இந்தக் காப்பு நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் ரஷ்ய மொழிக்கு மட்டும் விலக்கு மறுத்ததை ஐரோப்பாவின் வெனிஸ் ஆணையம் குறை சொன்னது. அதிலும் பொருள் இருக்கிறது. இரட்டைப் பதிப்பு என்றால் இரட்டைக் காகிதம். சின்னப் பத்திரிகையால் தாங்க முடியாது. ஓசூர் கடைகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே கம்பியில் கிளிப் போட்டுத் தொங்குவதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. வாங்குகிறவர் கேட்டார், ஏஜென்ட் வரவழைத்தார், அவ்வளவுதான்.

இந்தத் தொழிற்பேட்டை ஊரிலிருந்தும் ஓர் இதழ் தமிழ்நாடு முழுக்கப் போனது. எழுத்தாளர் ஆதவன் தீட்சண்யா ஆசிரியராக இருந்து ஓசூரிலிருந்து கொண்டுவந்த 'புதுவிசை' காலாண்டிதழ்தான் அது. லாரியும் பைக்கும் கைக்கடிகாரமும் செய்யும் ஊரின் பெயர் இலக்கிய வாசகர்களுக்கு அஞ்சல் உறை வழியாகப் போய்ச் சேர்ந்தது. சிற்றிதழுக்கு ஏஜென்ட் கிடையாது, வேன் கிடையாது. அஞ்சல்தான் அதன் சாலை. பதிவு பெற்ற பத்திரிகைக்கு 50 கிராம் வரை 25 பைசா என்ற சலுகைக் கட்டணம் பல ஆண்டுகளாக எத்தனையோ இதழ்களைத் தாங்கியிருக்கிறது. பதிவெண் வாங்காத இதழும் புத்தகமும் பதிவுப் புத்தக அஞ்சலை நம்பின. 2024 டிசம்பர் 18 அன்று அந்தச் சேவையை அஞ்சல் துறை நிறுத்தியது. காகித விலையை எதிர்த்து முதலாளிகளின் சங்கம் டெல்லிக்கு மனுப் போட முடிந்தது. இறக்குமதி வரியை 2019இல் 10 சதவீதம் ஆக்கியபோது குரல் எழுப்பி அடுத்த ஆண்டே பாதியாகக் குறைக்கவும் வைத்தார்கள். முன்னூறு பிரதி அச்சிட்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உறையில் முகவரி ஒட்டுகிறவருக்காகப் பேச அப்படி ஒரு சங்கம் இல்லை. அஞ்சல் சேவை நின்றபின் அவர் அஞ்சலகக் கவுன்டரில் ஒவ்வோர் உறையையும் பார்சல் விலைக்கு எடை போட்டுக்கொண்டு நின்றார்.