பெரியப்பாவின் சவரக்கத்தி

கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் காலனி. நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் ஊருக்குள் ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது. அதன் நாற்காலியில் காலனிக்காரர் யாரும் உட்கார்ந்ததில்லை. முடி வெட்ட வேண்டுமென்றால் பஸ் பிடித்து வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டும். அங்கே எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு.

அதனால் எங்களுக்குப் பெரியப்பாதான் எல்லாம். வாரமெல்லாம் மிளகு பறிக்கும் கூலி வேலை, ஓய்வு நாளில் பலாமரத்தடியில் சவரம். கொடைக்கானல் சந்தையில் பழைய சாமான் விற்றவரிடம் வாங்கிய மடக்குக் கத்தி ஒன்று வைத்திருந்தார். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் தன் முகத்திலேயே பழகியவர். தாடைக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டி, "இதுதான்டா நான் கட்டின பீஸு" என்பார்.

எங்களுக்கு மீசை அரும்பியபோது எங்களையும் உட்கார வைத்துப் பழக்கினார். எடுத்த எடுப்பில் முகத்தில் கத்தி வைக்க விடமாட்டார். பங்குனி உத்திரத்துக்குப் பழனி போனபோது வாங்கிவந்த பலூனை ஊதி, சோப்பு நுரை தடவி, வழிக்கச் சொல்வார். பலூன் வெடித்தால் அன்றைய பாடம் முடிந்தது. அதே பழனியில்தான் எங்களுக்கு ஒரு குழப்பமும் வந்தது. முடிக்காணிக்கை மண்டபத்தில் எங்கள் தலையை மழித்தவர் சாதி கேட்கவில்லை. அடிவாரத்தில் தீட்டாகாத தலை, மலையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்ததும் எப்படித் தீட்டானது என்று பெரியப்பாவிடம் கேட்டோம். "சாமிகிட்ட போய்க் கேளு" என்று சிரித்தார்.

அவர் சொல்லிக்கொடுத்தது இன்றும் கையில் நிற்கிறது. மலைக்குளிரில் முடி விறைத்து நிற்கும். வெந்நீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் போட்டு, பிறகு நுரை தடவ வேண்டும். ஒரு கை தோலை இழுத்துப் பிடிக்க, மறு கையில் கத்தி. கத்தியின் முதுகைத் தோலிலிருந்து சற்றே தூக்க வேண்டும், ஏறக்குறைய 30 டிகிரி. படுக்க வைத்தால் முடியை வெட்டாமல் பிடுங்கும். நிமிர்த்தினால் தோலைச் சீவும். "அழுத்தாதடா, கத்தி தன் கனத்துக்கே இறங்கும்" என்பதை நூறு முறையாவது சொல்லியிருப்பார். பக்கவாட்டில் ஒருபோதும் இழுக்கக் கூடாது. காய் நறுக்குவதுபோல் தோல் அறுந்துவிடும். முதல் சில வாரம் கன்னம் மட்டும். முகவாய், மேலுதடு, குரல்வளை எல்லாம் கை படிந்த பிறகு. முடி வளரும் வாக்கிலேயே வழிக்க வேண்டும். எதிர்ச்சவரம் புதியவருக்கு ஆகாது. கத்தி கை நழுவினால் பிடிக்கப் பாயாமல் விழ விட்டுவிட வேண்டும். கீறல் விழுந்தால் படிகாரக் கட்டியை நனைத்து ஒற்ற வேண்டும். தோல் வாரில் தீட்டும்போது முதுகு முன்னால் போக, கூர் பின்னால் வர வேண்டும். மாற்றித் தீட்டினால் வாரும் கிழியும், கூரும் மழுங்கும்.

பெரியப்பா செய்த ஒரு காரியத்தை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். ஒரே கத்தியை டெட்டால் தண்ணீரில் முக்கிக் காலனி முழுக்கச் சவரம் செய்தார். மஞ்சள் காமாலை கொண்டுவரும் ஹெபடைடிஸ் பி கிருமி, காய்ந்த ரத்தத்திலும் ஒரு வாரம் உயிரோடிருக்கும் என்பது அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. மடக்குக் கத்தி வைத்திருந்தால் அது உங்கள் ஒருவருக்கு மட்டும்தான். அடுத்தவருக்குச் சவரம் செய்வதென்றால் பிளேடு மாட்டும் கத்தி வாங்குங்கள். பிளேடைக் காகித உறையோடு இரண்டாக ஒடித்து, ஆளுக்கு ஒரு புதிய பாதி.

ஆசைப்பட்டுக் கத்தி பிடிக்கப் பழகுவது ஒன்று. நாற்காலி மறுக்கப்பட்டதால் பழகுவது வேறு. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கடைகளில் நுழையத் தடை கூடாது என்கிறது 15-வது பிரிவு. கடை என்றால் என்ன என்ற கேள்வி 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் எழுந்தபோது, நாடி வருபவருக்குச் சேவை தர ஒருவர் தயாராக இருக்கும் இடமெல்லாம் கடைதான் என்று அம்பேத்கர் விளக்கினார். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், கடை என்பதற்குள் முடிதிருத்தகத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மறுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. இதற்கு மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. புகார் சொல்ல 14566 என்ற இலவச எண் உண்டு.

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க எங்களுக்கு மனமில்லை. அறுவடைக்கு அறுவடை தானியம் வாங்கிப் பிழைத்த குடும்பம் அவருடையது. எங்களுக்கு வெட்டினால் ஊரார் வரமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. அவரையும் திண்ணைக்கு மேலே ஏற்றாத ஊர்தான் அது. பயம் நிஜம்; ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது நாங்கள்.

பிறகு காலனியிலிருந்து கல்லூரிக்குப் போன பிள்ளைகள் சட்டப்பிரிவுகளைக் குறிப்பிட்டு மனு எழுதினார்கள். அதிகாரிகள் வந்தார்கள், பேச்சுவார்த்தை நடந்தது. இரண்டு மாதம் கடை பூட்டிக் கிடந்தது. திறந்தபோது நாற்காலி எல்லோருக்கும் பொதுவாகியிருந்தது.

போன பொங்கலுக்கு முதல்நாள் பெரியப்பாவை அங்கே அழைத்துப் போனோம். பழைய கடைக்காரரின் மகன்தான் இப்போது நடத்துகிறார். "உட்காருங்கய்யா" என்று துண்டு போர்த்தி, புதுப் பிளேடை ஒடித்து மாட்டினார். எழுபதைத் தாண்டிய பெரியப்பா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தப் பையன் கத்தி பிடித்த கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் முடிந்து கழுத்துக்கு வந்தபோது மெதுவாகச் சொன்னார்: "தம்பி, எதிர்ச்சவரம் வேண்டாம்யா."