வேலையை விட்டுட்டு பி.இ. சேரலாமா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

டிப்ளமோ முடிச்சு ஒரகடத்துல மாதம் 20,000 ரூபாய் சம்பளம் வாங்குறீங்கனு வச்சுக்குவோம். வேலையை விட்டுட்டு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்ந்தால் 3 வருஷம். ஃபீஸை விடுங்க, கையை விட்டுப் போற சம்பளம் மட்டுமே 7,20,000 ரூபாய்.

உங்களுக்கு வேண்டியது அறிவா, பட்டமா? ரெண்டும் வேற வேற செலவு.

அறிவுதான்னா, ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல்லில் பாடங்கள் இலவசம். தேர்வெழுதி சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். கம்பெனி பஸ்ஸிலேயே பாடம் கேட்கலாம். அதில் சொல்ற புத்தகங்களை வார லீவில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தேடிப் பாருங்க. அங்கே உட்கார்ந்து படிக்கக் காசு இல்லை.

ஆனால் அந்தச் சான்றிதழ் பட்டம் ஆகாது. நீங்க குறிவைக்கும் பதவிக்கு பி.இ. கட்டாயம்னா, எவ்வளவு படிச்சாலும் விண்ணப்பம் முதல் சுற்றிலேயே கழிஞ்சுடும். தபால் வழியில் பி.இ. தர்றோம்னு யாராவது சொன்னா பணம் கட்டாதீங்க. அதுக்கு யுஜிசி அனுமதி கிடையாது.

அதனால அடுத்த பதவிக்கு என்ன தகுதினு ஹெச்.ஆர்.கிட்ட முதல்ல கேளுங்க. பிறகு 12 வாரம், தினம் ஒரு மணி நேரம், ஒரே பாடத்தைப் படிங்க. ஷிஃப்ட் முடிஞ்சும் படிப்பு ஓடுதானு தெரிஞ்ச பிறகு எஜுகேஷன் லோன் பத்தி யோசிக்கலாம்.