ரெண்டு செகண்டுல சிதம்பரமா?

முதுநகர்ல பஸ் ஏறி சிதம்பரத்துக்குப் படிக்க வர்ற ஆளா நீங்க? அப்போ இந்தக் கணக்கு உங்களுக்கு அத்துப்படி. “எட்டு மணிக்கு முதுநகர்ல டிக்கெட் எடுத்தேன், எட்டு ரெண்டுக்குக் கீழ வீதியில டீ குடிச்சேன்”னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னா என்ன சொல்வீங்க? “போடா டேய்!”

செல்போன் விளம்பரத் திருடர்களைப் பிடிக்கிறதும் கிட்டத்தட்ட இதே “போடா டேய்”தான்!

ஒரு கம்பெனி தன்னோட ஆப்பை விளம்பரப்படுத்துது. விளம்பரத்தை க்ளிக் பண்ணி நீங்க ஆப்பை இறக்கித் திறந்தா, விளம்பரம் காட்டினவருக்குக் கமிஷன். யாருக்குன்னு எப்படி முடிவு பண்றாங்க? கடைசி க்ளிக் யாரோடதோ, அவருக்கு. ஓட்டை இங்கதான் இருக்கு.

யுனிவர்சிட்டி பக்கத்துல ஒரு மெஸ். ஆள் கூட்டிட்டு வந்தா தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன். நம்மாளு ஒருத்தன் தெருவுல அலையாம, மெஸ் வாசல்லயே நிக்கிறான். நீங்களா பசிச்சு உள்ள நுழையும்போது சட்டைப் பையில ஒரு நோட்டீஸைச் சொருகி, “இவர் என் ஆளு!”ங்கிறான். இதுக்கு ‘க்ளிக் இன்ஜெக்‌ஷன்’னு பேரு. பழைய ஆண்ட்ராய்டுகள்ல புது ஆப் ஒண்ணு இறங்கினா, ஏற்கனவே இருக்கிற ஆப்களுக்கும் தகவல் போகும். அதை ஒட்டுக்கேட்டு, நீங்க புது ஆப்பைத் திறக்கிறதுக்குள்ள ஒரு பொய் க்ளிக்கைத் தட்டிவிட்டுடும்.

ஆனா கடிகாரம் காட்டிக்கொடுத்துடுது. 100 எம்.பி. ஆப், க்ளிக் பண்ண ரெண்டாவது செகண்டுல இறங்கித் திறந்தாச்சாம்! 2017 நவம்பர்ல கூகுள் இன்னொரு வசதியும் கொடுத்தது. க்ளிக் எப்போ, டவுன்லோடு ஆரம்பிச்சது எப்போன்னு ரெண்டு நேரமும் கிடைக்கும். டவுன்லோடு ஆரம்பிச்ச பிறகு க்ளிக்கா? குழந்தை பிறந்த பிறகு கல்யாணப் பத்திரிகை அடிச்ச கதை!

இன்னொரு வகை சோம்பேறித் திருட்டு. ஊர்ல ஓடுற எல்லா பஸ் ஸீட்லயும் நோட்டீஸ் போட்டு வைக்கிறது. என்னைக்காவது யாராவது மெஸ்ஸுக்குப் போனா “என் நோட்டீஸ்தான்!” நிஜ ஆட்கள்ல பெரும்பாலானோர் க்ளிக் பண்ண ஒரு மணி நேரத்துக்குள்ள இறக்கிடுவாங்க. கிராஃப் சட்டுனு ஏறி, மெள்ள இறங்கும். இந்தத் திருட்டுல மட்டும் அது நாள்கணக்குல தட்டையா, முதுநகர் உப்பங்கழி மாதிரி கிடக்கும்.

இதெல்லாம் சில்லறை விஷயம்னு நினைக்காதீங்க. 2018 நவம்பர்ல அமெரிக்காவின் கொச்சாவா நிறுவனம் எட்டு ஆப்கள் மேல இந்தப் புகாரை வெச்சது. ஏழு சீட்டா மொபைலோடது, ஒண்ணு கிகா கீபோர்டு. மொத்தமா 200 கோடி டவுன்லோடு தாண்டின ஆப்கள். இன்ஸ்டால் ஒண்ணுக்குக் கமிஷன் அரை டாலர்லேர்ந்து மூணு டாலர் வரை.  அதுல க்ளீன் மாஸ்டரும் உண்டு. ‘போனைச் சுத்தம் பண்ணும்’னு நம்ம பசங்க ஓடி ஓடிப் போட்டாங்களே, அதேதான்! “எங்க தப்பு இல்லை, ஆப்புக்குள்ள இருக்கிற வெளியாள் மென்பொருள்”னு சீட்டா சொன்னது. 2020 பிப்ரவரியில அவங்க ஆப்களை ப்ளே ஸ்டோர்லேர்ந்து கூகுள் தூக்கிடுச்சு. அதே வருஷம் ஜூன்ல நம்ம அரசு தடை பண்ண 59 ஆப்கள்லயும் க்ளீன் மாஸ்டர் இருந்தது. அந்தத் தடைக்குக் காரணம் வேற, நாட்டுப் பாதுகாப்பு.

நஷ்டம் கம்பெனிக்குத்தானேன்னு கேட்கலாம். பொய் க்ளிக் ஒவ்வொண்ணும் உங்க டேட்டாவுலயும் பேட்டரியிலயும்தான் ஓடுது. நிஜமா ஆள் பிடிச்சுக் கொடுத்த சின்ன வெப்சைட்காரரின் கமிஷனும் போச்சு.

அதுக்காக, லேட்டா வந்தவன் எல்லாம் திருடன்னு முடிவு கட்டிடக் கூடாது. சாயங்காலம் பஸ்ல க்ளிக் பண்ணி, சிக்னல் போய், ராத்திரி வீட்டு வை-ஃபையில இறக்குற அப்பாவியும் இருக்கான். குட்டி ஆப்பை நல்ல நெட்ல பத்துப் பதினஞ்சு செகண்டுல இறக்குறவனும் இருக்கான். அதனால ஒத்தை ஆளோட நேரத்தை மட்டும் வெச்சு எப்பவும் தீர்ப்பு சொல்லிட முடியாது. ஒரே இடத்துலேர்ந்து வந்த ஆயிரம் பேரோட நேரத்தையும் கிராஃப்ல போட்டு, அந்த வளைவு எந்த ஜாடையில இருக்குன்னு பார்க்கிறாங்க.