சுருக்கம் இல்லாத பரிசு!

உங்கள் வீட்டில் குட்டித் தம்பியோ தங்கையோ பிறந்தபோது, எதில் படுக்க வைத்தார்கள்? பாட்டியின் பழைய பருத்திச் சேலைகளை அடுக்கித் தைத்த மெத்தென்ற விரிப்பில்தானே!

ராமேசுவரம் தீவில் ஆசிரியையாக இருந்தபோது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு அப்படி ஒரு விரிப்புத் தைத்தேன். மருத்துவமனையில் பிறக்கும் ஓர் ஏழைக் குழந்தைக்குக் கொடுக்கத் திட்டம். மேலே வண்ணத் துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பழைய சேலைகள், அடியில் புதுத் துணி. நாலு ஓரத்தையும் முதலில் தைத்துவிட்டுக் கடைசியாக நடுவில் தைத்தோம். முடித்துப் பார்த்தால், மேடும் பள்ளமுமாக ஒரே சுருக்கம்!

"பரவாயில்ல டீச்சர், இனாமாத்தானே கொடுக்கிறோம்" என்றான் ஒரு பையன்.

"உன் தங்கச்சிய இதுல படுக்க வைப்பியாடா?" என்று கேட்டாள் ஒரு சிறுமி.

வகுப்பே அமைதியானது. பச்சைக் குழந்தையின் தோல் பூப்போன்றது. தடித்த மடிப்பு உறுத்தும். அவசரப்படுத்திய தவறு என்னுடையதுதான். அன்றே எல்லாத் தையலையும் பிரித்தோம்.

இனாம்தானே என்ற நினைப்பு பெரியவர்களிடமும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, தமிழகக் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்தன. உடுத்த முடியாதவை சாலையோரம் குவிந்து கிடந்தன. அன்ஷு குப்தா 1999ல் தில்லியில் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு, அப்படிக் கிடந்தவற்றைச் சேகரித்துத் தரம் பிரித்தது. பழந்துணிகளை அடுக்கித் தைத்து 'சுஜ்னி' என்னும் விரிப்புகளும் அந்த அமைப்பு செய்கிறது. அவருக்கு 2015ல் மகசேசே விருது கிடைத்தது. கொடுப்பதை மரியாதையோடு கொடுக்க வேண்டும் என்பதே அவர் சொல்லும் பாடம்.

சரி, சுருக்கம் ஏன் விழுகிறது? நோட்டில் லேபிள் ஒட்டும்போது ஓரங்களை முதலில் ஒட்டினால், நடுவில் காற்று மாட்டிக்கொண்டு உப்பும் அல்லவா? துணியும் அப்படித்தான். ஓரங்களை முதலில் அடைத்துவிட்டால், தளர்ந்த துணி வெளியேற வழியில்லாமல் நடுவில் மடிப்பாகிவிடும்.

இரண்டாம் முறை நாங்கள் செய்தது இதுதான்:

* புதுப் பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். அதனால் எல்லாத் துணிகளையும் முன்பே நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டோம்.

* அடித்துணியைத் தரையில் விரித்தோம். இழுத்துப் பிடிக்கவில்லை, இழுத்த துணி விட்டதும் சுருங்கிவிடும். அதன்மேல் சேலைகள், பிறகு மேல்துணி. ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிவிட்டோம். கச்சான் காற்று அடிக்கும்போது திண்ணையில் விரிக்காதீர்கள். துணியும் பறக்கும், மணலும் ஏறும்!

* நடுவிலிருந்து நாலு மூலைக்கும், நாலு பக்கத்துக்கும் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டோம். அடுக்குகள் நகராமல் இருக்க இதுவே காவல்.

* பிறகு நடுவில் தொடங்கி, ஓரம் நோக்கிச் சிறு தையல். நூலைச் சுண்டி இழுக்கக் கூடாது. பாம்பனில் வலை பின்னுகிறவர்களைப் பாருங்கள். எல்லாக் கண்ணியும் ஒரே அளவாக இருக்கும். நூலின் இறுக்கமும் அப்படி இருக்கட்டும். இரண்டு வரிசைக்கு ஒருமுறை திருப்பி, அடிப்பக்கத்தையும் பார்த்தோம்.

* கடைசியாகத்தான் ஓரங்களை மடித்துத் தைத்து, தற்காலிகத் தையலைப் பிரித்தோம்.

ஒரு வியப்பான செய்தி! கர்நாடகத்தில் வாழும் சித்தி மக்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். இந்த மக்கள் தைக்கும் 'கவந்தி' என்னும் போர்வையை ஓரத்தில் தொடங்கி நடுவில் முடிக்கிறார்கள்! சுருக்கம் விழாதா? அவர்கள் மேல்துணியை முன்பே இணைத்து வைப்பதில்லை. துண்டு துண்டாக வைத்து, நீவி, தைத்துக்கொண்டே போகிறார்கள். வழி வேறு, கவனம் ஒன்றுதான்.

எங்கள் விரிப்பு நான்கு நாள் தாமதமாக முடிந்தது. கொடுப்பதற்கு முன், இனாம் என்று சொன்ன அதே பையன் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் முழுவதும் தடவினான். ஓரிடத்தில் நின்று, "இங்க லேசா உறுத்துது டீச்சர்" என்றான். அந்த ஒரு வரிசையை அவனே பிரித்து, அவனே தைத்தான்.

நீங்களும் யாருக்காவது ஒரு விரிப்புத் தைத்துப் பாருங்கள். முடித்ததும் கண்ணை மூடித் தடவிப் பார்க்க மறக்காதீர்கள்!