தெருவில் டவர்! கைகொடுக்குமா பாலாற்று வழக்கு?

வேலூர் –

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் செல்போன் டவர். கீழே ஆளுயரப் பெட்டிகள், ஜெனரேட்டர் சத்தம். "எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று தெரு திரண்டால், வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்.

2022-ம் ஆண்டு திருத்திய விதி, தனியார் கட்டிடத்தில் டவர் வைக்க அதிகாரிகளின் அனுமதி வேண்டாம் என்றது. முன்கூட்டியே எழுத்து மூலம் தகவல், கட்டிடம் தாங்கும் என்ற என்ஜினீயர் சான்றிதழ், இவை போதும் என்றது அந்த விதி.

குவாலியர் தீர்ப்பு

வீட்டு வேலை செய்து பிழைக்கும் புற்றுநோயாளி ஒருவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 2017-ல் அந்த டவரை நிறுத்த உத்தரவு வந்தது.

ஆனால் டவரால் புற்றுநோய் வரும் என்பது நிரூபணம் ஆகவில்லை. 2012-ல் இந்தியா கதிர்வீச்சு வரம்பை சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது.

நம்ம ஊர் வழக்கு

முழு நிரூபணம் வரும்வரை காத்திராமல் பெரும் ஆபத்தைத் தடுக்க வேண்டும் என்ற கொள்கையை 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றது, தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்த வேலூர் வழக்கில்தான். டவர் எதிர்ப்பாளர்கள் எடுப்பதும் அதே ஆயுதம்.

பாலாற்றுக் கேடு கண்ணுக்குத் தெரிந்தது. கதிர்வீச்சு அளந்தால்தான் தெரியும். மறியலுக்கு முன் சான்றிதழைக் கேளுங்க. தொலைத்தொடர்புத் துறையை அளக்கச் சொல்லுங்க!