பேரேடும் முன்கணிப்பும்



புனே நகரத்துச் சிவாஜி நகர்ப் பகுதியில் ‘சிம்லா ஆபீஸ்’ என்று வழங்கும் நாற்சந்தி ஒன்று உண்டு. இமயமலைச் சாரலிலுள்ள சிம்லாவின் பெயர் தக்கணத்து நகரம் ஒன்றில் எவ்வாறு வந்து ஒட்டிக்கொண்டது என்று, அங்கே பேருந்துக்குக் காத்து நிற்கும் நம்மவர் சிலரேனும் வியந்திருக்கக்கூடும். இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928ஆம் ஆண்டில் சிம்லாவிலிருந்து இந்நகருக்கு வந்தது. 1944இல் அது தில்லிக்குச் சென்றுவிட்டது. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. பெயரோடு ஒரு பணியும் தங்கியது. வரும் பருவத்தில் நாட்டில் எவ்வளவு மழை பெய்யும் என்று பழைய ஆண்டுகளின் கணக்கைக் கொண்டு முன்கூட்டி மதிப்பிடும் பணியே அது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மழையன்று, வணிகம். ஆயினும் மழைக் கணக்கின் வரலாறு வணிகருக்கு ஒரு நல்ல பாடம் கற்பிக்கிறது. ஆதலின் அதனைக் கையில் வைத்துக்கொண்டே மேலே செல்வோம்.

தரவு அகழ்வு என்றும் முன்கணிப்பு என்றும் இரண்டு சொற்கள் இப்போது கடைத்தெருவரை வந்துவிட்டன. கணிப்பொறி விற்பவரும், கணக்கு எழுதித் தருபவரும், வங்கி அலுவலரும் இவற்றைச் சொல்லுகின்றனர். இவற்றின் பொருள் யாது? புனேயின் ராஸ்தா பேட்டில் மளிகைக் கடை நடத்தும் தமிழர் ஒருவரை மனத்தில் கற்பித்துக்கொள்வோம். பொன்னி அரிசி, காப்பிப் பொடி, அப்பளம், நல்லெண்ணெய் ஆகியவை தமிழ்நாட்டிலிருந்து லாரியில் அவருக்கு வருகின்றன. ஐந்தாண்டுக் காலமாக ஒவ்வொரு விற்பனைச் சீட்டும் கணிப்பொறியில் பதிவாகியுள்ளது. அச்சீட்டுகளைத் துருவி, எப்பொருளோடு எப்பொருள் சேர்ந்து விலைபோகிறது, எவ்வகை வாடிக்கையாளர் எந்நாளில் வருகின்றனர் என்று கண்டறிவது தரவு அகழ்வு. அவ்வாறு கண்டதைக் கொண்டு, வரும் தீபாவளிக்கு எத்தனை மூட்டை தருவிக்க வேண்டும் என்று மதிப்பிடுவது முன்கணிப்பு. முன்னது சென்றதைப் படிப்பது. பின்னது வருவதை உரைப்பது.

பட்டறிவுள்ள வணிகர் எவரும் இவ்விரண்டையும் மனக்கணக்காகவே செய்துவந்துள்ளனர். சீட்டுகள் நூறாயிரக் கணக்கில் பெருகும்போது மனம் தளர்கிறது, கணிப்பொறி தளர்வதில்லை. கலிபோர்னியாவிலுள்ள ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய ராகேஷ் அகர்வால், ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்த் என்னும் இருவர், பெருங்கடைகளின் சீட்டுகளிலிருந்து சேர்ந்து விற்கும் பொருள்களை விரைவில் பிரித்தெடுக்கும் முறை ஒன்றை 1994இல் வெளியிட்டனர். இத்துறையில் இன்றும் மாணவர் முதலிற் பயிலும் பாடங்களுள் அதுவும் ஒன்று.

இனி, இவ்வேலைக்கென்று கிடைக்கும் மென்பொருள்களை ஒப்பிட்டுக் காண்போம். அவற்றை நான்கு வகையாகப் பகுத்துக்கொள்வது எளிது.

முதல் வகை, எக்செல் போன்ற கட்டப் பலகை. பெரும்பாலான சிறு வணிகரிடம் இது முன்னமே உள்ளது. மாத விற்பனையைக் கோடாக வரைந்து, அக்கோடு எத்திசையில் செல்கிறது என்று காண இதுவே போதும். வரிசைகள் பல இலட்சமாகப் பெருகும்போதும், பல காரணங்களை ஒருங்கே எடைபோட வேண்டும்போதும் இது தடுமாறும்.

இரண்டாம் வகை, கட்டளைகளை எழுதி இயக்குபவை. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1990களில் தோன்றிய ‘ஆர்’ என்னும் மொழியும், பைத்தான் மொழியில் அமைந்த ‘சைகிட்-லேர்ன்’ என்னும் தொகுப்பும் இவ்வகையின. இவற்றுக்கு விலையில்லை, இவற்றால் ஆகாத கணக்கும் அரிது. ஆனால் இவற்றை இயக்கத் தேர்ந்த ஆள் வேண்டும். மென்பொருளுக்குக் கொடாத பணத்தை அவருடைய சம்பளமாகக் கொடுக்க நேரும்.

மூன்றாம் வகை, திரையில் பெட்டிகளை வைத்துக் கோடிட்டு இணைத்தால் வேலை செய்பவை. செர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘நைம்’, ஸ்லோவேனியாவின் லுப்லியானாப் பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘ஆரஞ்சு’ ஆகியவை இவ்வாறு இயங்குவன. பறக்க மாட்டாத ஒரு நியூசிலாந்துப் பறவையின் பெயரைத் தாங்கிய ‘வெக்கா’வையும் இவற்றோடு சேர்த்து எண்ணலாம். தனி ஒருவர் தம் கணிப்பொறியில் இவற்றை விலையின்றிப் பயன்படுத்தலாம். நைம் நிறுவனம், பலர் கூடிப் பயன்படுத்தும் வசதிக்குக் கட்டணம் பெறுகிறது. எழுதத் தெரியாதவரும் கணக்கின் போக்கைப் படமாகக் காணலாம் என்பது இவ்வகையின் சிறப்பு.

நான்காம் வகை, ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பெறுபவை. சமூக ஆய்வுக்கென 1968இல் ஸ்டான்போர்டில் தோன்றி, 2009இல் ஐ.பி.எம். நிறுவனத்தால் வாங்கப்பட்ட ‘எஸ்.பி.எஸ்.எஸ்.’ ஒன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் புள்ளிகளை ஆராயத் தொடங்கி, 1976இல் தனி நிறுவனமான ‘சாஸ்’ மற்றொன்று. சாஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி வளர்ச்சிக் கூடம் ஒன்று புனேயிலேயே இயங்கிவருகிறது. வங்கிகளும் மருந்து நிறுவனங்களும் இவ்வகையை விரும்புவதற்குக் காரணம் உண்டு. யார், எப்போது, எந்தக் கணக்கை மாற்றினார் என்ற தடம் இவற்றில் இருக்கும். பழுது நேர்ந்தால் பொறுப்பேற்று வந்து பார்க்கவும் ஒருவர் இருப்பார்.

இந்நான்கு வகையையும் அடுக்கி வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். உள்ளே இயங்கும் கணித முறைகள் பெரும்பாலும் ஒன்றே. விலை, பழகும் எளிமை, உதவி, தடம் ஆகியவற்றில்தான் வேறுபாடு மிகுதி. அவ்வாறாயின் ‘எது சரியாகச் சொல்லும்?’ என்ற வினாவுக்கு விடை எங்கே? மென்பொருளின் பெயரில் அவ்விடை கிடையாது. இவ்விடத்தில்தான் சிம்லா ஆபீஸ் நமக்குத் துணை வருகிறது.

பருவமழையை முன்கூட்டி உரைக்கும் முயற்சி நம் நாட்டில் 1886இல் தொடங்கியது. இமயத்தில் விழுந்த பனியின் அளவைக் கொண்டு பிளான்போர்டு என்பார் அதனைச் செய்தார். 1904இல் துறைத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் கணித வல்லுநர். உலகின் பல இடங்களிலிருந்து வந்த காற்றழுத்தப் பதிவுகளை இந்திய மழையோடு ஒப்பிட்டு, எது எதனோடு இயைந்து நடக்கிறது என்று அவர் தேடினார். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் எழுத்தர் பலர் கையாலேயே கணக்கிட்டனர். இன்று தரவு அகழ்வு என்று நாம் சொல்வதன் மூதாதை அதுவே.

1988ஆம் ஆண்டு வசந்த் கோவாரிகர் தலைமையில் 16 குறிகளைக் கொண்ட புதிய கணக்கு முறை நடைமுறைக்கு வந்தது. இவர் புனேயில் பிறந்தவர். ஏவுகணை எரிபொருள் ஆராய்ச்சியிலும் புகழ் பெற்றவர். ஆண்டுதோறும் ‘மழை இயல்பாக இருக்கும்’ என்று அம்முறை உரைத்தது. மழையும் ஏறக்குறைய அவ்வாறே பெய்தது. நம்பிக்கை வளர்ந்தது. 2002ஆம் ஆண்டுக்கு, நீண்டகாலச் சராசரியில் 101 விழுக்காடு மழை என்று உரைக்கப்பட்டது. பெய்ததோ 81 விழுக்காடு. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் வழக்கமான மழையில் ஏறக்குறையப் பாதிதான் கிடைத்தது. விதைத்தவர் வானத்தைப் பார்த்து நின்றனர்.

கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. குறிகளுக்கும் மழைக்கும் இடையே முன்பிருந்த உறவு காலப்போக்கில் தளர்ந்துவிட்டது. பசிபிக் கடலின் வெப்ப மாற்றத்துக்கும் நம் மழைக்கும் உள்ள தொடர்பு நலிந்துவருவதைப் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கிருஷ்ண குமாரும், அமெரிக்காவில் பணியாற்றிய இருவரும் 1999இலேயே எழுதியிருந்தனர். வானிலைத் துறை தன் பிழையை மறைக்கவில்லை. 2003இல் வலுவிழந்த குறிகளை நீக்கிப் புதிய முறைகளை வகுத்தது. 2004இலும் மழை பொய்த்தது, கணக்கும் பொய்த்தது. 2007இல் பல கணக்குகளை ஒருங்கு சேர்க்கும் முறைக்கு மாறியது. 2021 முதல் பல நாட்டுக் காலநிலைக் கணக்குகளையும் இணைத்துக்கொண்டுள்ளது. சொன்னதையும் நடந்ததையும் அருகருகே எழுதி வைத்ததனாலன்றோ அத்துறைக்குத் திருந்த முடிந்தது!

வணிகருக்குரிய அளவுகோலும் இதுவே. நம் மளிகைக் கடைக்காரர் ஐந்தாண்டுப் பதிவில் முதல் நான்காண்டுகளை மட்டும் மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். ஐந்தாம் ஆண்டைப் பூட்டி வைக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டின் விற்பனையை மென்பொருள் உரைத்த பிறகு, பூட்டைத் திறந்து ஒப்பிட வேண்டும். காட்டிய பாடத்தையே ஒப்பிக்கும் மாணவனைக் கொண்டு பள்ளியை மதிப்பிடலாகாது.

அடுத்து, எளிய மதிப்பீடு ஒன்றையும் அருகில் வைக்க வேண்டும். ‘சென்ற ஆண்டு இதே வாரம் விற்ற அளவே இவ்வாண்டும் விற்கும்’ என்பது அத்தகையது. விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் இதனையும் வெல்லவில்லையானால் அது வேண்டுவதில்லை. ஆனால் இவ்வெளிய மதிப்பீடும் ஓரிடத்தில் ஏமாற்றும். பொங்கல் ஆண்டுதோறும் ஜனவரி நடுவில் வரும். தீபாவளி அவ்வாறன்று, 2023இல் நவம்பர் 12ஆம் நாளும், 2025இல் அக்டோபர் 20ஆம் நாளும் வந்தது. பண்டிகை நாள்களுக்கென்று தனி நிரல் ஒன்றை நாம் எழுதிக் கொடுத்தாலன்றி, எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளும் தீபாவளியை அறியாது.

மூன்றாவதாக, விழுக்காட்டைக் கண்டு மயங்கலாகாது. கடனில் சரக்கு வாங்கும் 100 பேரில் 95 பேர் ஒழுங்காகப் பணம் தருகின்றனர் என்று கொள்வோம். ‘அனைவரும் தருவார்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் இயந்திரமும் 100க்கு 95 முறை சரியாகச் சொன்னதாகும். தராத ஐவரில் ஒருவரைக்கூட அது காட்டிக் கொடுக்கவில்லை. ஆகவே எத்தனை முறை சரி என்பதோடு, எவ்விடத்தில் தவறுகிறது, அத்தவற்றின் விலை யாது என்றும் கேட்க வேண்டும்.

இவ்விலையை யார் கொடுக்கின்றனர் என்பதே, வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் கருத வேண்டிய செய்தி. அரிசி மூட்டைக் கணக்கு தவறினால் கடைக்காரருக்கு நட்டம். ஆள்களைப் பற்றிய கணக்கு தவறினாலோ, நட்டம் கணக்கிடப்பட்டவரைச் சேர்கிறது. கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்று தன் பழைய பேரேட்டை இயந்திரத்துக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடிக்கடி வீடு மாறியவர்களுக்கு முன்பு கடன் மறுக்கப்பட்டிருந்தால், இயந்திரமும் ‘வீடு மாறுபவர் நம்பத் தகாதவர்’ என்று கற்றுக்கொள்ளும். பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்தவர், வாடகை ஏறும்போதெல்லாம் வீடு மாறுவது இயல்பு. வாங்கிய கடனில் ஒரு தவணையும் தவறாதவராயினும், அவர் பெயருக்கு எதிரே இயந்திரம் கோடிட்டுவிடும். பழைய மனிதர் செய்த பிழை, புதிய இயந்திரத்தின் வாயில் கணிதமாகி வெளிப்படுகிறது.

இதற்குப் பரிகாரம் உண்டு. காரணம் சொல்லும் கணக்கு முறையைத் தேர்ந்துகொள்வது நிறுவனங்களின் கடமை. மரக்கிளைபோல் ‘ஆம்’, ‘இல்லை’ என்று பிரிந்து செல்லும் முறையில், முடிவு எவ்வழியாக வந்தது என்று எவரும் படித்துப் பார்க்கலாம். நரம்பு வலைப் பின்னல் என்னும் முறையில் அது எளிதன்று. மேற்சொன்ன மென்பொருள் வகைகளில் பின்மூன்றும் இவ்விரு முறைகளையும் தருகின்றன; தேர்வு நம் கையில் உள்ளது.

தனி மனிதருக்கும் சில உரிமைகள் உண்டு. 2017ஆம் ஆண்டு முதல், கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றிடமிருந்தும் தம்மைப் பற்றிய முழு அறிக்கையை ஆண்டுக்கொரு முறை கட்டணமின்றிப் பெறலாம். அதில் தவறான முகவரியோ, தாம் வாங்காத கடனோ காணப்பட்டால் திருத்தக் கோரலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியுள்ளது. அதன் விதிகள் 2025இல் வெளியாயின. தம் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணையும் வாங்கிய பொருள்களையும் தொகுத்து வைத்திருக்கும் சிறு வணிகரும், அவை தம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவை என்பதை மறத்தலாகாது.

எந்த மென்பொருளை வாங்குவது என்று இனி நம்மை ஒருவர் கேட்பாராயின், நாம் சொல்லும் விடை இது: முதலில் கையிலுள்ளதைக் கொண்டு தொடங்குக, அது போதாதபோது விலையில்லாதவற்றை முயல்க, பொறுப்பும் தடமும் இன்றியமையாதவிடத்துப் பணம் செலவிடுக. எதனை எடுத்தாலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, இடப்பக்கம் இயந்திரம் சொன்னதையும் வலப்பக்கம் நடந்ததையும் எழுதி வருக. இரு பக்கமும் விலகத் தொடங்கும் நாளில் கணக்கைத் திருத்துக. சிம்லா ஆபீஸ் நாற்சந்தியைக் கடக்கும்போது இவ்விரு பக்கங்களும் நம் நினைவுக்கு வருமாயின் நன்று.