காத்திருந்தால் இலவசம்! அவசரப்பட்டால் காசு!

கதாநாயகி நள்ளிரவில் கதவைத் திறக்கிறாள். வெளியே நிற்பது யார்?

அந்த இடம் பார்த்து "தொடரும்" என்று போட்டுவிடுகிறார்கள்!

வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிப்பவர்களுக்கு இந்தத் தவிப்பு தெரியும். என்ன காசு கொடுத்தாலும் அடுத்த இதழ் முன்னதாகக் கிடைக்காது. ஒரு வாரம் பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

இப்பொழுது செல்போனிலேயே தொடர்கதை வருகிறது. அதில் காசு கொடுத்தால், அடுத்த அத்தியாயம் அந்த நிமிடமே கிடைத்துவிடும். இந்த வியாபாரம் கொடிகட்டிப் பறக்கும் நாடுகளில் ஒன்று, தென்கொரியா.

புது யோசனை

அங்கே "காக்காவோ பேஜ்" என்ற செயலி 2013-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. முதலில் வியாபாரம் சரியாக நடக்கவில்லை. 2014-ல் ஒரு புது யோசனை செய்தார்கள். அதன் பெயர், "காத்திருந்தால் இலவசம்."

அது என்ன?

கதையின் முதல் சில அத்தியாயங்களை இலவசமாகப் படிக்கலாம். பிறகு ஓர் அத்தியாயம் படித்தால், அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். பல கதைகளுக்கு இது 24 மணி நேரம். காத்திருந்தால் காசு இல்லை. பொறுக்க முடியாதவர்கள் 100 வோன் கொடுத்து உடனே படிக்கலாம். வோன் என்பது கொரிய நாட்டு நாணயம். 100 வோன் என்பது நம் காசில் சுமார் 6 ரூபாய்.

புதிதாக வந்த அத்தியாயங்கள் பெரும்பாலும் இந்த இலவசத்தில் சேராது. அவற்றுக்குக் காசு கொடுத்தே ஆகவேண்டும்.

ஆக, அங்கே விற்கப்படுவது கதை மட்டும் அல்ல. வாசகரின் அவசரமும் சேர்த்தே விற்கப்படுகிறது!

கணக்குப் போடுங்கள்

ஆறு ரூபாய் பெரிய தொகையா? இல்லை. ஆனால், இந்தக் கதைகள் 300 அத்தியாயம் வரையிலும், அதற்கு மேலும் நீளும். 300 அத்தியாயத்துக்கு 30,000 வோன். அதாவது சுமார் 1,800 ரூபாய்!

இன்னொரு தந்திரமும் உண்டு. பல செயலிகளில் பணத்தை முன்கூட்டியே செலுத்தி, "நாணயம்" வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரூபாயை எண்ணிக் கொடுக்கும்போது கை தயங்கும். நாணயமாகப் போகும்போது தயங்குவதில்லை. மாதக் கடைசியில்தான் தெரியும்.

எழுத்தாளர் பிழைப்பு

இதில் நன்மையே இல்லையா? இருக்கிறது.

சீனாவில் 2003-ம் ஆண்டிலேயே "சிடியன்" என்ற இணையதளம், அத்தியாயத்துக்குக் காசு வாங்கத் தொடங்கியது. வாசகர் கொடுக்கும் காசில் எழுத்தாளருக்கும் பங்கு உண்டு. பிடித்த எழுத்தாளருக்குத் தனியாக அன்பளிப்பும் கொடுக்கலாம். புத்தகம் அச்சிட வழி இல்லாதவர்களும் எழுதிப் பிழைக்க முடிந்தது. ஆனால், அவர்கள் நாள்தோறும் எழுதவேண்டும். நிறுத்தினால் வாசகர் வேறு கதைக்குப் போய்விடுவார்!

நம் வீட்டிலும்

பெங்களூர் நிறுவனமான "பிரதிலிபி" செயலியில் தமிழ்த் தொடர்கதைகள் வருகின்றன. அங்கும் நாணயம் உண்டு.

பிடித்த கதைக்குக் காசு கொடுப்பது தவறு அல்ல. எழுதியவருக்கும் வயிறு இருக்கிறது அல்லவா? ஆனால், மாதத்துக்கு இவ்வளவுதான் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைகள் கையில் செல்போனைக் கொடுக்கும்போது, காசு செலுத்தும் வழியைப் பூட்டி வையுங்கள்.

மற்றபடி, நிம்மதியாகத் தூங்குங்கள். கதாநாயகி நாளைக் காலையிலும் அந்தக் கதவருகில்தான் நிற்பாள். எங்கும் போய்விட மாட்டாள்!